பனிமலைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய்

ராசு,

நாங்கள் இங்கே நலமாக இருக்கிறோம் என்று முதல் வரியில் எழுத வேண்டும். எழுதிவிட்டேன். ஆனால் உன் கடிதம் வந்த நாள் முதல் அது பாதிதான் உண்மை. உன் அம்மா நலமாக இருக்கிறாள். நான் சாப்பிடுகிறேன், வண்டி ஓட்டுகிறேன், வீடு திரும்புகிறேன். நடுவில் எங்கே ஒரு மேட்டைப் பார்த்தாலும், அதன் உச்சியில் நீ காலில் பலகையைக் கட்டிக்கொண்டு நிற்பது போலத் தெரிகிறது.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முறத்தில் துவரம்பருப்பைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். தந்தி ஆபீசில் மாசி மாதம் உனக்கு மூன்று நாள் லீவு கிடைக்கும் போலிருக்கிறது என்றாய், தலையாட்டினாள். ஸ்ரீநகரில் நீங்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து அரை நாள் தூரத்திலேயே பனி மூடிய மலைச்சரிவு இருக்கிறது, பஸ் போகிற மட்டும் பஸ்ஸிலும் அதற்கு மேல் மட்டக்குதிரையிலும் போய் ஒரு மர வீட்டில் தங்கலாம், கூட வேலை பார்க்கும் பஞ்சாபிக்காரரும் அவர் மனைவியும் வருகிறார்கள் என்றாய், அதற்கும் தலையாட்டினாள். காலில் நீளமான பலகைகளைக் கட்டிக்கொண்டு மேலிருந்து கீழே சறுக்குவார்கள் என்ற இடம் வந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஏனுங்க, அத திருப்பிப் படிங்க.”

படித்தேன்.

“உழுந்தா?”

“பனி மெத்துமெத்துன்னு இருக்குமாமா. அடி படாதுன்னு எழுதியிருக்கறான்.”

“அவனுக்கு எப்படித் தெரியும்? உழுந்து பாத்தானா?”

அதற்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. எனக்கு வந்த கேள்வி வேறு. சறுக்கிக்கொண்டு இறங்குகிறவன் எப்படி நிற்பான்? இரண்டு கால் விரல்களையும் உள்பக்கமாகத் திருப்பினால் வேகம் குறையும் என்று நீ எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, மறுநாள் காலையில் வாசலில் நின்று காலை அப்படித் திருப்பிப் பார்த்தேன். உன் அம்மா சாணி தெளித்துக்கொண்டிருந்தவள் சொம்போடு நின்று என்னையே பார்த்தாள். முழங்காலில்தான் வலி வந்தது, நம்பிக்கை வரவில்லை. எத்தனையோ வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவன் நான். காலுக்கடியில் ஒரு பிரேக்கும் கைக்குப் பக்கத்தில் ஒரு பிரேக்கும் இருந்தும் எனக்குப் போதவில்லை. உனக்கு இருப்பது பத்து விரல்கள்.

இருந்தாலும் நீ போவதாக எழுதவில்லை. போகலாமா என்று கேட்டிருக்கிறாய். அதுதான் என்னைப் படுத்துகிறது. அங்கே காலையில் வெயில் அடிக்கும், மத்தியானத்துக்குள் பனி கொட்டத் தொடங்கிவிடும், முன்பு ஒரு தடவை போனவர்கள் பாதை மூடிக்கொண்டதால் திரும்ப முடியாமல் அங்கேயே கிடந்தார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். உனக்கும் மனசு ஒப்பவில்லை என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. ஆசைப்படுவது கமலம். ராசிபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்த பெண். கல்யாணத்துக்கு முன்னால் சேலத்தைத் தாண்டிப் போகாதவள். அவள் ரயிலிலும் பஸ்ஸிலும் அத்தனை தூரம் போய், ஜன்னல் வழியாக அந்த வெள்ளை மலையைப் பார்த்துப் பார்த்து, ஒரு தடவை போக வேண்டும் என்று கேட்கிறாள். நீ வேண்டாம் என்றாய். அவள் என்ன சொன்னாள் என்று எழுதியிருந்தாயே, “மாமா மலையில பஸ் ஓட்டுனவருங்க. அவரு வேண்டாம்னு சொல்லட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேனுங்க” என்று. மருமகள் இவ்வளவு பெரிய பொறுப்பை என் தலையில் வைப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதலில் ஒரு கார்டை எடுத்து, போக வேண்டாம் என்று எழுதினேன். தபாலில் போடக் கிளம்பும்போது உன் அம்மா கேட்டாள்.

“என்ன எழுதுனீங்க?”

“வேண்டாம்னு.”

“ஏன்னு எழுதுனீங்களா?”

“அதெல்லாம் எதுக்கு? வேண்டாம்னா வேண்டாம்.”

“அப்படி இல்லீங்க. ஏற்காட்டுல நமக்கு நடந்தத முழுசா எழுதுங்க. அப்ப அவன் சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்? கேட்டுப்போட்டு அவங்களே முடிவு பண்ணட்டும்.”

அதனால்தான் கார்டைக் கிழித்துவிட்டு இவ்வளவு தாள்களோடு உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு அப்போது ஐந்தாறு வயது. முறுக்கு நனைந்துபோனதற்காக அழுதது மட்டும்தான் நினைவிருக்கிறது என்று நீ சொல்லியிருக்கிறாய். மற்றதை இப்போது சொல்கிறேன்.

நாம் அப்போது சேலத்தில் குடியிருந்தோம். நான் ஏற்காடு பஸ் ஓட்டினேன். தினமும் காலையில் உன் அம்மா வாசலுக்கு வந்தால் எதிரே மலை நிற்கும். அதன் தலையில் மேகம் உட்கார்ந்திருக்கும். நான் வீட்டுக்கு வந்ததும், “மேல எப்படி இருந்துச்சுங்க?” என்பாள். குளிராக இருந்தது என்பேன். “குளுருன்னா? நம்ம மார்கழியாட்டமா?” என்பாள். இல்லை, அது வேறு குளிர் என்பேன். எப்படி வேறு என்று எனக்குச் சொல்ல வராது. ஊரெல்லாம் உங்கள் வண்டியில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது, நான் மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சோறு போடும்போது முகத்தில் சிரிப்பு இல்லை. மூன்று நாள் போய்வரலாம் என்று முடிவு செய்தோம். இருக்கிற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மலைதான், ஆனாலும் அந்தப் பயணம் கிளம்ப மாட்டேன் என்றது. ஐப்பசியில் புறப்பட இருந்தோம், அடைமழை பிடித்தது. தள்ளிப்போட்டோம். மழை விட்டதும் எனக்கு லீவு இல்லை. லீவு கிடைத்தபோது மறுபடி மேகம் கூடியது. உன் அம்மா பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கம்பளியைத் திருப்பிக் கொடுப்பதும் மறுபடி வாங்குவதுமாக இருந்தாள். கார்த்திகையில் ஒரு வாரம் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. இனி மழை இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

பழனியப்பன் என்று என்னோடு வேலை பார்த்த டிரைவர், அவர் வண்டியில் ஏறினோம். தகரப் பெட்டி ஒன்றில் கம்பளி, துணிமணி, முறுக்கு எல்லாம். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அந்த மலையில் பயணியாக உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு அவரு ஓட்டட்டும் உடுங்க” என்றாள். மேலே காப்பித் தோட்டத்தில் லாரி ஓட்டிய மாரியப்பன் தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தான். முதல் நாள் அருமையாகப் போனது. ஏரிக்கரையில் நடந்தோம். உன் அம்மா காலையில் பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது. அதைப் பார்ப்பதற்காகவே எதையாவது பேசிக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு உரித்துத் தந்தாள், நீ புளிக்கிறது என்று துப்பினாய்.

இரண்டாம் நாள் மத்தியானம் கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு பெய்த மழையை எனக்கு எழுதத் தெரியாது. மறுநாள் காலையில் அது தூறலாக இளைத்திருந்தது. மாரியப்பன் வாசலில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான். “மண்ணு ஊறிக் கெடக்குதுங்கண்ணா. இன்னைக்கு எறங்காதீங்க” என்றான். முந்தின நாள் வண்டியோடு மேலே வந்து மழையில் மாட்டிக்கொண்ட பழனியப்பனும் அங்கேதான் நின்றார். அவருக்கு முதலாளி உத்தரவு: சாயங்காலத்துக்குள் வண்டி சேலத்தில் இருக்க வேண்டும், ஆத்தூருக்கு ஒரு கல்யாண கோஷ்டியை ஏற்றிப்போக வேண்டும். எனக்கும் மறுநாள் வேலை. நாங்கள் இரண்டு பேரும் மலை தெரிந்தவர்கள். மாரியப்பன் சொல்வது சரி என்று இருவருக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவராவது வேண்டாம் என்றிருந்தால் மற்றவரும் சரி என்றிருப்பார். இருவரும் சொல்லவில்லை. ஏறிவிட்டோம்.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவுக்கு அப்பால் மேலிருந்து செம்மண் தண்ணீர் பாதையை அறுத்துக்கொண்டு ஓடியது. பழனியப்பன் வண்டியை நிறுத்தினார். கிளீனர் சடையன் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, பாதையின் ஓரம் கரைந்து போய்விட்டது, வண்டி போகாது என்று கத்தினார். எல்லோரையும் இறக்கினோம். நடந்தே மேலே போய்விடலாம் என்று உன் அம்மா பெட்டியையும் இறக்கச் சொன்னாள். காலி வண்டியைப் பின்னால் எடுத்து அகலமான இடத்தில் நிறுத்துவது என்று முடிவு. நான் பின்பக்கம் நின்று, வா வா என்று கை காட்டினேன். உன் அம்மா உன்னைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம், மலையை ஒட்டி நின்றாள். பெட்டி அவள் காலடியில். சக்கரம் சேற்றில் சுற்றியது, வண்டி பக்கவாட்டில் இழுத்தது, எஞ்சின் நின்றுபோனது. நனைந்த பிரேக் பிடிக்கவில்லை. என்னை நோக்கி வர வேண்டிய வண்டி, மெதுவாக, ரொம்ப மெதுவாக, என்னை விட்டு விலகி, நீங்கள் நின்ற இறக்கத்துப் பக்கம் போக ஆரம்பித்தது. பழனியப்பன், “கட்டை! கட்டை!” என்று அலறுவது கேட்டது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை சடையன் கையில் இருந்தது. அவரோ தண்ணீருக்குப் பக்கத்தில் தூரத்தில் நின்றார். அப்புறம் தகரம் நசுங்கும் சத்தம். வண்டி நின்றது.

அந்தச் சத்தத்துக்கும் நான் வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய்ச் சேர்ந்ததற்கும் நடுவில் இருந்த நேரத்தைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டியிருக்கிறது, ராசு. ஆனால் அதை எழுத முடியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் அடியில் கிடக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு ஓடினேன். அங்கே உன் அம்மா சேற்றில் உட்கார்ந்திருந்தாள். முன்சக்கரத்தின் அடியில் நம் பெட்டி அப்பளமாகக் கிடந்தது. வண்டி நகர்வதைப் பார்த்ததும் உன்னைப் பின்னால் தள்ளிவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் சக்கரத்துக்கு முன்னால் தள்ளியிருக்கிறாள். சடையன் ஓடி வந்து கட்டையைக் கொடுத்தார். நீ வீறிட்டு அழுதுகொண்டிருந்தாய். உன் அம்மாதான் பேசினாள்.

“ஒண்ணும் ஆகலீங்க. பெட்டிதானுங்க போச்சு.”

வண்டிக்குள் இருந்த பழனியப்பன் இறங்கி வந்து அவள் எதிரே நின்று கும்பிட்டார். மழையில் நனைந்துகொண்டே எல்லோரும் மேலே ஏறினோம். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டேன். மாரியப்பன் எங்களைப் பார்த்ததும், நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் மனைவி அடுப்பை மூட்டிச் சுடச்சுடக் காப்பி கொடுத்தாள்.

மறுநாள் விடிந்தால், அப்படியொரு வெயில். இலைக்கு இலை மினுங்கியது. மலை விளிம்பில் ஒரு பாறை இருக்கிறது, அங்கிருந்து கீழ்நாடு முழுக்கத் தெரியும் என்று மாரியப்பன் மனைவி முதல் நாளே சொல்லியிருந்தாள். உன் அம்மா அங்கே போக வேண்டும் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாதை சரியானதும் இறங்குவதுதான் வேலை, அதுவரைக்கும் யாரும் அறையை விட்டு நகரக் கூடாது என்று சத்தம் போட்டேன்.

“நேத்து சக்கரத்துக்கு முன்னால போனவ நானுங்க,” என்றாள் அவள். “பாக்க வந்ததப் பாக்காம எறங்க மாட்டேன். நீங்க வேணா படுத்துக்குங்க.”

போனோம். பாறையின் விளிம்புக்குப் பத்தடி முன்னாலேயே நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் போய் நின்றாள். கீழே சேலம், அதற்கு அப்பால் வயலும் குன்றுமாக வெகுதூரம். நம் வீடு எங்கே என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை, ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டினேன். “இத்துனூண்டா?” என்று சிரித்தாள். வெகுநேரம் திரும்பவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, பாதையைச் சரிசெய்த பிறகு இறங்கினோம். முதலாளி கத்தினார், அவ்வளவுதான். கல்யாண கோஷ்டி வேறு வண்டி பிடித்துக்கொண்டு நேரத்துக்கு ஆத்தூர் போய்ச் சேர்ந்திருந்தது. எதற்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினோமோ, அந்த வேலை நாங்கள் இல்லாமலே நடந்து முடிந்திருந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் நான் அதே மலையில் ஓட்டினேன். என் வண்டிக்கு ஆமை வண்டி என்று பெயர் வைத்தார்கள். வைத்தால் வைக்கட்டும் என்று இருந்தேன். இப்போது யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கரியை எரித்து அந்தப் புகையில் ஓடும் கரி வண்டி ஓட்டுகிறேன், நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில். அதற்கு மேடு என்றாலே மூச்சு வாங்கும். உண்மையைச் சொன்னால் எனக்கு அது நிம்மதியாகத்தான் இருக்கிறது.

இதுவரைக்கும் எழுதியதை உன் அம்மாவுக்கு வாசித்தேன். இதைக் கேட்டால் பையன் போக மாட்டான் என்று மனசுக்குள் ஒரு திருப்தி எனக்கு. அவள் கேட்டு முடித்துவிட்டு, “பாறை மேல நின்னத இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்” என்றாள். “நாம பயந்தத இத்தன பக்கம் எழுதுனீங்க. அத ரெண்டு வரியில முடிச்சுப்போட்டீங்க.” பிறகு, “அதுக்கப்புறம் எந்த மலைக்குமே நாம போகலீங்க” என்றாள். குறையாகச் சொல்லவில்லை. நினைத்துப் பார்த்துச் சொன்னாள்.

ஆகவே, ராசு, போய்விட்டு வாருங்கள். ஆனால் லீவு எந்தத் தேதியில் கிடைக்கிறதோ அந்தத் தேதியில் போவது என்று வைத்துக்கொள்ளாதே. வானம் எந்த நாளைக் கொடுக்கிறதோ அந்த நாளைக்கு லீவு கேள். கிடைக்காவிட்டால் இந்த வருஷம் இல்லை, அவ்வளவுதான். பனி அடுத்த வருஷமும் பெய்யும். கிளம்புகிற காலையில் அந்த மட்டக்குதிரைக்காரர் முகத்தைப் பார். அவர் தயங்கினால் கூலியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடு. உன் பஞ்சாபி நண்பர் சிரிப்பார். சிரிக்கட்டும். மேலே போன பிறகு வானம் மூடினால், லீவு முடிகிறது என்பதற்காக மட்டும் இறங்காதே. ஆபீசில் உனக்குப் பதிலாக வேறொருவர் உட்கார்ந்து தந்தி அடிப்பார். நான் பார்த்த வரையில், மலையில் கெட்டுப்போனவர்கள் முக்கால்வாசிப் பேர் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று இறங்கினவர்கள்தான். ஏதோ சரியில்லை என்று உனக்கும் தோன்றி, உன் நண்பருக்கும் தோன்றி, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று மட்டும் ஆகிவிடக் கூடாது. நீ முதலில் சொல்லிவிடு. கோழை என்று நினைத்துவிட்டுப் போகட்டும்.

சறுக்குவதை உயரத்திலிருந்து ஆரம்பிக்காதே. சின்னத் திட்டு ஒன்றைப் பார்த்து, நிற்பதை முதலில் கற்றுக்கொள், ஓடுவதை அப்புறம் கற்றுக்கொள்ளலாம். வண்டி பழக வருகிறவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். வெயில் சாய்ந்த பிறகு ஒரே ஒரு தடவை, கடைசித் தடவை என்று மேலே ஏறாதே. கமலத்துக்குக் காதை மூட ஏதாவது வாங்கிக் கொடு. அவள் ஆசைப்பட்டுப் போகிறாள் என்பதற்காக, பயந்தாலும் வெளியே சொல்லாமல் இருப்பாள். அவள் குளிருகிறது என்று ஒரு தடவை சொன்னால், மூன்று தடவை சொன்னதாக நீ எடுத்துக்கொள். அதே சமயம், அவள் நின்று பார்க்கிற இடத்தில் வா வா என்று அவசரப்படுத்தாதே. உனக்குப் பயமாக இருந்தால் தள்ளி உட்கார்ந்துகொள். அவள் பார்த்து முடிக்கட்டும்.

கமலத்துக்கு நான் சொன்னதாகச் சொல்: மாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தார், அத்தை விடவில்லை.

இறங்கி வந்ததும் கால், கை, முதுகு எல்லாம் எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுது. அது வரும் வரைக்கும் நான் எப்படி இருப்பேன் என்று உனக்குத் தெரியும். உன் அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் நேற்று நைனாமலைக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றபோது, பின்னால் வந்து, “என்ன வேண்டுனீங்க?” என்று கேட்டாள். புள்ளைகள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டினேன் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். “மாசி பூராவும் அங்க பனி கொட்டோணும், பாதை மூடிக்கோணும், பையன் ஊட்டுலயே கெடக்கோணும்னு வேண்டுனீங்களா இல்லையா?” என்றாள். ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன். சாமி முன்னாலேயே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இனி உங்களுக்கு நல்ல வெயில் அடிக்க வேண்டும் என்றுதான் நான் தினமும் கும்பிட வேண்டும். இன்று காலையில் கும்பிட்டேன். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அப்பா